மாடுகள் இறங்கி வந்த சாலை

வெர்னா டாலஃப்சன் ஐடஹோவில் ஒரு சின்ன ஊரின் தீவனக் கடையில் கல்லாவில் இருப்பவள். ஐம்பது தாண்டியவள். விவாகரத்தான வருஷம் தொடங்கிய பழக்கம் இது: செப்டம்பர் பிறந்தால் பழைய பிக்கப் வண்டியில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு தனியாக மலைக்குப் போய்விடுவாள். நெடுஞ்சாலையில் போனால் போயிசி நகரத்துக்குள் நுழைய வேண்டும். அதற்குப் பயந்து அரை நாள் சுற்றிக்கொண்டு காட்டு மண் சாலைகளிலேயே போவாள்.

"என்னைக்காவது ஒரு பள்ளத்துல கிடக்கப் போற. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது" என்று தங்கை மார்வா வருஷம் தவறாமல் திட்டுவாள். வெர்னா சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

அன்று கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் பாறைச் சுவர். இடப்பக்கம் தடுப்பு கிடையாது. வெகு கீழே ஆறு. சரிவு முழுக்கப் பிரேக்கில் வைத்த காலை அவள் எடுக்கவே இல்லை. கருகல் வாடை அடித்தது. எங்கோ காடு புகைகிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வளைவில் மிதித்தபோது கால் பஞ்சில் புதைந்ததுபோல் அடிவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை.

இரண்டாவது கியருக்குத் தள்ளினாள். என்ஜின் அலறியது, வேகம் கொஞ்சம்தான் மட்டுப்பட்டது. கைப்பிரேக்கை இழுத்தாள். பின்பக்கம் ஆற்றுப் பக்கமாக வழுக்கியது. சட்டென்று விட்டுவிட்டாள்.

வளைவு திரும்பியதும் சாலை அடைத்து மாடுகள். கோடை மேய்ச்சல் முடிந்து கீழே ஓட்டிப் போகிறார்கள். மந்தையின் கடைசியில் குதிரைமேல் ஒரு ஆள்.

கையை ஹார்னிலிருந்து எடுக்காமல் அழுத்தினாள். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். பிறகு அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். குதிரையை மாடுகளுக்குள் செலுத்திக் கத்தினான். ஆனால் மாடுகள் ஒதுங்க இடம் ஏது?

வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பினாள். வலது சக்கரங்கள் சாலையோர வடிகால் பள்ளத்தில் இறங்கின. பக்கக் கண்ணாடி பிய்ந்து போனது. தகரம் பாறையில் உராய்ந்து கிறீச்சிட்டது. வண்டி ஒருச்சாய்ந்து, குலுங்கி, நின்றது. வண்டியின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பசு அவளையே வெறித்துக்கொண்டிருந்தது.

குதிரைக்காரன் பாய்ந்து வந்தான். "ஏம்மா, கண்ணு அவிஞ்சு போச்சா? மாட்டைக் கொல்லப் பாத்தியே!"

 வெர்னா சக்கரத்தைக் காட்டினாள். அதிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"அட கடவுளே. இறங்கு, இறங்கு. மெதுவா. அடி பட்டிருக்கா?"

இல்லையென்று தலையாட்டியவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  அவன் பெயர் ஆர்லிஸ். குதிரையில் தொங்கிய குடுவையிலிருந்து தண்ணீர் குடிக்கக் கொடுத்தான்.

"டிராக்டர் கொண்டாந்து, வண்டியைக் கயிறு கட்டி என் பண்ணைக்கு இழுத்துடலாம். சாயங்காலம் போயிசிக்குப் போறேன், வர்றியா? அங்க நல்ல மெக்கானிக் இருக்கான்."

"போயிசியா? நான் வரலை."

"இந்த மலையில உருண்டு வர்றதுக்குத் தைரியம் இருக்கு, அங்க வர்றதுக்கு என்ன?"

"அங்க எல்லாரும் பின்னாடியே நின்னு ஹார்ன் அடிப்பாங்க."

ஆர்லிஸ் மாடுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுங்களைக் கேட்டா உன்னைப் பத்தி என்ன சொல்லும்?"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

பாதிச் சரிவில் இருந்த அவன் பண்ணைக்கு வண்டியை இழுத்துப் போனார்கள்; அங்கே வைக்கோல் களத்தில் கூடாரம் போட்டுத் தங்கினாள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் வந்து பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தான். அதன்பின் மிச்சச் சரிவையும் அவளேதான் ஓட்டி இறங்க வேண்டியிருந்தது.  முதல் கியரில், நத்தைபோல் ஊர்ந்தாள். அடிக்கடி நிறுத்தினாள். சமவெளிக்கு வந்து சேர்ந்ததும் மார்வாவைக் கூப்பிட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

 மார்வா கேட்டாள்: "அடுத்த வருஷம் நானும் வரட்டுமா?"

"வேணாம், தனியாப் போறதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள் வெர்னா.