அண்ணை நடத்திய நேர்காணல்

கிரிக்கெட்டில் தண்ணீர் சுமக்கக்கூட யாரும் கூப்பிடாததால் பேஸ்பாலுக்கு வந்தவன் நான். நான் குடியேறிய பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடும் எங்கள் அணியில் பாதிப் பேர் என்னைப் போலத்தான், மற்ற விளையாட்டுகள் கைவிட்டவர்கள். மைதானத்தின் வலது கோடியில் நிற்பேன். பந்து அபூர்வமாக வரும் இடம். வந்தால் கையில் பட்டு, நெஞ்சில் பட்டு, புல்லில் போய் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.

அணிக்கு மேலாளர், பயிற்சியாளர் எல்லாம் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து மனுகாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தபோது கூட இருந்தவர்களிடம் ஆட்டத்தைக் கற்றவர். ஊருக்கே அண்ணை. எங்கள் ஆள் மட்டை பிடிக்கும்போது மூன்றாம் பேஸ் அருகே நின்று காது, மூக்கு, தொப்பி என்று தொட்டு ரகசியக் குறிப்புக் கொடுப்பார். இடக்கையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒருமுறை வழித்துவிட்டால், அதுவரை காட்டியதெல்லாம் அழிந்தது என்று பொருள். நான் பந்தை விடும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து எழுந்து அதையே எனக்கும் செய்வார். போனது போகட்டும், அடுத்ததைப் பார்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றிய நிலை. வரும் சீசனுக்கு வேறு ஆள் பார்த்தாக வேண்டும். அதை அவரிடம் யார் சொல்வது? கமிட்டியில் இருந்த ஐந்து பேரும், "மனசு நோகும், கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்" என்றோம். சொல்வதைப் பொறுத்தோம், விளம்பரத்தைப் பொறுக்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அதை எழுதியவன் நான். எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, மேலே 'மேலாளரும் இரண்டு பயிற்சியாளர்களும் தேவை' என்று மாற்றிவிட்டு, அடியில் இருந்த தொடர்பு எண்ணை அப்படியே விட்டுவிட்டேன்.

அது அண்ணையின் எண்.

நான்கு நாளாக ஒருவரும் கூப்பிடவில்லையே என்று எனக்கு வருத்தம் வேறு. ஐந்தாம் நாள் அவர் மனைவி கூப்பிட்டார். "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. இவருக்கு ஃபோன் மேல ஃபோன் வருது."

காரில் வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். அண்ணை ஹீட்டர் பக்கத்தில், போர்வைக்குள் பாதி ஆளாக இருந்தார். மடியில் ஸ்கோர் நோட்டு.

"வாரும், செயலாளர். மூண்டு பேர் வேணுமாம்? நான் ஒருத்தன் மூண்டு பேரின்ர வேலை பாத்தனான் எண்டு இப்பதான் எனக்கே விளங்குது."

"அண்ணா, அது வந்து..."

"பொறும். ஆறு பேர் ஃபோன் எடுத்தவை. எல்லாரோடையும் கதைச்சிட்டன்."

"நீங்களா?"

"ஓம். நம்பர் என்ரதானே."

யாரிடமும் தன் நிலைமையைச் சொல்லவில்லையாம். மூச்சு வாங்கியபோது 'லைன் சரியில்லை' என்று சமாளித்திருக்கிறார். நோட்டில் ஆறு பெயர்கள், மூன்றுக்கு அடியில் கோடு.

"எல்லாரிட்டையும் ஒரு கேள்வி கேட்டனான். வாற பந்தையெல்லாம் விடுற ஒருத்தன் இருக்கிறான், அவனை என்ன செய்வியள் எண்டு."

"என்ன சொன்னாங்க?"

"அஞ்சு பேர் அவனை டீமிலயிருந்து நிப்பாட்டிப் போடுவினமாம். ஒரு பிள்ளை, சாஃப்ட்பால் ஆடினவள், பிறகும் அவன் ஏன் வாறான் எண்டு கேட்டவள். அவள்தான் மேனேஜர். மற்ற ரெண்டு பேரும் அவளுக்குக் கீழ."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எனக்கும் தெரியாதெண்டன்."

சிரித்தேன். சிரிப்பு பாதி வழியிலேயே வேறு ஏதோவாக மாறப் பார்த்ததால் சட்டென்று எழுந்துவிட்டேன். வாசலில் திரும்பி, "அண்ணா, முதல்ல உங்ககிட்டதான் நாங்க..." என்று தொடங்கினேன்.

அவர் வலக்கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தார். தொளதொளத்த சட்டையின் மேல், இடத்தோளிலிருந்து வழித்துக்கொண்டே வந்தார். முழங்கையில் களைத்து நின்றார். மூச்சு விட்டுக்கொண்டு மணிக்கட்டு வரை முடித்தார்.

சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது போய்விட்டார்.

முதல் ஆட்டத்தில் புது மேலாளர் என்னை அதே கோடியில்தான் நிறுத்தினார். பந்து வந்தது. விட்டேன். பழக்க தோஷத்தில் பெஞ்சைப் பார்த்தேன். அவர் கைதட்டி உற்சாகமாக ஏதோ கத்தினார். நல்ல பெண். ஆனால் அந்தப் பந்தை இன்னும் யாரும் அழிக்கவில்லை.