சேர், சைக்கிள் நிக்குது

இதை எழுதத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேவையகத்தின் பதிவில் நேரத்தோடு இருப்பவை, நான் கண்ணால் கண்டவை, தொடர்புடையவர்களிடம் நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்டவை ஆகியவற்றை மட்டுமே இங்கே தருகிறேன். உறுதிப்படுத்தாத ஒரு சொல்லை உறுதியானதென்று நான் எடுத்துக்கொண்டதால் நேர்ந்த சம்பவம் இது. அதைச் சொல்லும்போதும் அதே தவறைச் செய்ய மனம் ஒப்பவில்லை. யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்கள் எல்லோரும் இன்றும் என்னோடு பேசுகிறவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாடைக்காற்று தொடங்கும் பருவத்தில், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு மீனவர் சங்கத்தில் கணினி நிர்வாகியாக இருந்தேன். பனிக்கட்டி ஆலை, களஞ்சியம், படகுப் பதிவு என்று தனித்தனியாக இயங்கிய யாவற்றையும் ஒரே மென்பொருளின் கீழ்க் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. புதிய சேவையகம் நகரிலுள்ள தலைமை அலுவலகத்தில் இருந்தது. படகுகள் புறப்படுவதையும் திரும்புவதையும் பதியும் சிறிய அலுவலகம் அங்கிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இறங்குதுறையில் இருந்தது. கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டார்.

பெரும்பாலான படகுகள் விடியுமுன் புறப்பட்டு நண்பகலளவில் கரை சேர்பவை. காலநிலை எச்சரிக்கை வந்தால், கடலிலுள்ள படகுகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றையும் அழைக்கத் தலைமை அலுவலகத்தில் வானொலிக் கருவியோடு ஒருவர் இருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருக்கும் மனிதர். என்னை எப்போதும் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார். பட்டியலில் உள்ள படகை அவர் தேடுவார். இல்லாத படகைத் தேட அவருக்கு வழியில்லை. இதை நான் நன்றாக அறிந்திருந்தேன் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

புதிய மென்பொருளுக்கு மாறும் முறை கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முதலில் பழைய சேவையகத்தில் எவரும் எதையும் பதிய முடியாதவாறு பூட்ட வேண்டும்; அதன் பின்னரே இறுதிப் பிரதியை எடுக்க வேண்டும். நான் முதற் படியைத் தவிர்த்தேன். அதற்கு முந்திய வாரம் பரீட்சார்த்தமாகப் பூட்டியபோது, அந்தப் பெண் அரைவாசி பதிந்திருந்த பக்கமொன்று அழிந்துபோனது. அவர் முழுவதையும் மீண்டும் பதிந்தார். அந்தக் கூச்சம் எனக்குள் இருந்தது. பூட்டுவதற்குப் பதிலாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எண்ணினேன். அதுவே மரியாதை என்றும் நினைத்தேன்.

காலை ஒன்பதே முக்காலுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தங்கச்சி, நான் இப்ப பழைய சேர்வரில இருந்து கடைசிக் கொப்பி எடுக்கப் போறன்.”

“ஓம், சேர்.”

“ஒரு அரை மணித்தியாலம் பொறுத்துப் புதுசைத் திறவுங்கோ.”

“ஓம்.”

“இண்டைக்குப் போன படகு எல்லாம் பதிஞ்சு முடிஞ்சுதுதானே?”

சிறு இடைவெளி. பின்னணியில் யாரோ ஓர் ஆண் பேசுவது கேட்டது. “ஓம், ஓம்” என்றார் அந்தப் பெண்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் பிரதியெடுக்கத் தொடங்கினேன். பதிவின்படி அப்போது நேரம் ஒன்பது நாற்பத்தாறு.

எங்கள் பக்கத்தில் ‘ஓம்’ என்பது சம்மதம் மட்டுமன்று. எதிரில் இருப்பவர் கதைக்கும்போது இடையிடையே அதைப் போட்டுக்கொண்டிருப்போம். போடாவிட்டால் “கேக்குதோ?” என்று மறுமுனையில் கேட்பார்கள். பிறந்த நாள் முதல் இந்தப் பேச்சுக்குள் வாழ்கிறவன் நான். இருந்தும் அன்று அந்தச் சொல்லை, திரையில் தோன்றும் ‘உறுதிசெய்’ கட்டத்தை அழுத்துவதற்கு ஒப்பாக எடுத்துக்கொண்டேன்.

பத்தே காலுக்குப் புதிய மென்பொருள் எல்லா இடங்களிலும் திறந்தது. வானொலி அறையின் சுவரில் பொருத்தியிருந்த பெரிய திரையில், கடலிலுள்ள படகுகள் வரிசையாகத் தெரிந்தன. “வடிவா இருக்கு தம்பி. இனி என்ர கண்ணாடிக்கும் ஓய்வு” என்றார் வானொலிக்காரர்.

பதினொரு மணிக்குப் பின்னர் காற்றெச்சரிக்கை வந்தது. அவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு படகாக அழைத்தார். படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர, இறங்குதுறையில் பதிய, இங்கே திரையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்று பத்துக்குத் திரை வெறுமையாகிப் பச்சை நிறத்துக்கு மாறியது. முகாமையாளர் தேநீரும் பற்றிஸும் வரவழைத்தார். யன்னலுக்கு வெளியே தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, நாங்கள் திரையைப் பார்த்து மகிழ்ந்திருந்தோம்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெண் அழைத்தார்.

“சேர், கடல்ல ஒருத்தரும் இல்லையெண்டு ஸ்கிரீன் சொல்லுது.”

“ஓம், எல்லாரும் வந்திட்டினம்.”

“ஆனா சைக்கிள் நிக்குது, சேர்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த இருவர், மைத்துனர்கள், படகின் இயந்திரத்தைத் திருத்துவதற்காக முதல் நாள் அதை நகர் இறங்குதுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காலையில் ஒரே சைக்கிளில் வந்து, அதைப் பதிவு அலுவலகச் சுவரில் சாய்த்துவிட்டு, மற்றப் படகுகளெல்லாம் போய்ப் பல மணி நேரத்துக்குப் பிறகு புறப்பட்டார்கள். தூண்டிலும் போட்டுக்கொண்டு, இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்து வருவதாகச் சொன்னார்களாம்.

“சைக்கிளை விட்டிட்டு பஸ்ஸில போயிருப்பினம், தங்கச்சி. மழையெல்லே வருது” என்றேன். இதை நான் சொன்னேன். எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

“மீன் பெட்டி கட்டின சைக்கிள், சேர். அதை விட்டிட்டு ஆரும் பஸ்ஸில போவினமா? நான் பதிஞ்சனான். மறுகா ஸ்கிரீன்ல தேடினன், காணேல்ல. உங்கட மெசின் எண்ணினதை நான் பிழையெண்டு சொல்லேல்ல. நான் சைக்கிளைத்தான் சொல்றன்.”

பழைய சேவையகத்தின் பதிவைத் திறந்தேன். ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு ஒரு படகு பதியப்பட்டிருந்தது. நான் பிரதியெடுக்கத் தொடங்கி ஐந்து நிமிடங்களின் பின்னர். பூட்டப்படாத பழைய மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டு, ‘பதியப்பட்டது’ என்று அவருக்கு அறிவித்துமிருந்தது. புதிய சேவையகத்தில் அப்படியொரு படகே இல்லை.

வானொலி அறைக்கு ஓடியதும் நான் சொன்ன வார்த்தைகள் நினைவில் இல்லை. அவர் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு, “எத்தின பேர்?” என்று மட்டும் கேட்டார். “ரெண்டு பேர்” என்றேன். அந்தச் சிறு படகில் வானொலி இல்லை. அவர்களின் கைத்தொலைபேசிக்கு அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. கரையில் கட்டியிருந்த பெரிய படகொன்றை அவர் வானொலியில் பிடித்தார்.

“இன்னொருக்காப் போக வேணும். சல்லி ஆக்கள் ரெண்டு பேர் வெளியில நிக்கினம்.”

“எல்லாரும் வந்திட்டினமெண்டு நீங்கதானே அண்ணை முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னம் சொன்னனீங்கள்?”

“சொன்னனான். பிழை. போ.”

அந்தப் ‘பிழை’ என்னுடையது. அதை அவர் தன் வாயால் ஏற்றுக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பெரிய படகு திரும்பவும் புறப்பட்டது. நான் இறங்குதுறைக்குப் போனேன். அந்தப் பெண் அலுவலகத்தைப் பூட்டாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிண்ணியா பஸ்ஸை விட்டுவிட்டதாகப் பிறகு அறிந்தேன். சுவரோரம் சைக்கிள் நனைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த பெட்டியில் மழைநீர் தேங்குவதைப் பார்த்து, அவர் போய் அதைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

நான்கு மணியளவில் பெரிய படகு சிறிய படகை இழுத்துக்கொண்டு வந்தது. துறைமுக வாயைத் தாண்டியதும் இயந்திரம் மறுபடி நின்றுவிட்டதாம். நங்கூரம் பிடிக்கவில்லை. காற்று அவர்களை மூதூர்ப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. கொட்டியாரக் குடாவின் நடுவில், இருவரும் மாறிமாறித் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது கண்டெடுத்ததாகப் பெரிய படகின் ஓட்டி சொன்னார். இளையவரின் உள்ளங்கை கிழிந்திருந்தது. மூத்தவர் நேரே சைக்கிளிடம் போய், கைபிடியைப் பற்றிக்கொண்டார்.

நான் போய், நடந்தது என் தவறு என்று சொன்னேன். சேவையகம், பிரதி என்று ஏதோ விளக்க முயன்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“போயிட்டு வாறமெண்டு சொல்லிப்போட்டுத்தானே போனனாங்கள். தங்கச்சியும் ஓமெண்டு சொன்னது.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அடுத்த நாள் நிருவாகக் குழுவுக்கு எழுதிய அறிக்கையில், பூட்டும் படியை நான் தவிர்த்ததை முதல் வரியிலேயே குறிப்பிட்டேன். அதன் பின்னர் எத்தனையோ சேவையகங்களை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் பூட்டுகிறேன். அதற்கு மேலாக, ‘முடிந்ததா’ என்று எவரிடமும் கேட்பதில்லை. “கடைசியாகப் பதிந்த படகின் இலக்கம் என்ன?” என்று கேட்கிறேன். அதற்கு ஓம் என்று பதில் சொல்ல ஏலாது. அந்தப் பெண் இதைக் கேட்டுச் சிரித்தார். “இப்ப எங்களை நம்புறேல்லைப் போல, சேர்” என்றார். என் காதைத்தான் நம்புவதில்லை என்று சொன்னேன்.

ஒன்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. அன்று காலை தொலைபேசியில் நான் கேட்ட கடைசி ‘ஓம், ஓம்’ எனக்குச் சொல்லப்பட்ட பதிலா, யன்னலுக்கு வெளியே நின்று ‘போயிட்டு வாறம்’ என்றவருக்குச் சொல்லப்பட்டதா? அந்தப் பெண்ணிடம் கேட்டேன்; அவருக்கு நினைவில்லை. சேவையகத்தின் பதிவிலும் அது இல்லை.