டேப்பு பொய் சொல்லாது

“மார்பு நாப்பத்திரெண்டு! வயிறு நாப்பத்தாறு!” என்று தையற்காரரான என் அத்தான் கூவினால், மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா குறித்துக்கொள்வாள். எதிர்க் கடைக்காரரும் மனத்தில் குறித்துக்கொள்வார். வயிற்றை எக்கிக்கொண்டு, “கொஞ்சம் கூடுதலா சொல்றீங்களே?” என்று எவராவது இழுத்தால் ஒரே பதில்தான்: “டேப்பு பொய் சொல்லாது சார்.” ஊரார் தொப்பையையெல்லாம் ஏலம் போட்ட மனிதர்.

அவர் மகனுக்குப் பதினான்கு வயது. கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும், கண் படபடக்கும். எதுவும் அவன் கையில் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு வருடமாக அடங்கியிருந்தது. உடம்பும் பூசிவிட்டது. “பய தேறிட்டான் மச்சான், கண்ணு வெச்சிராதே” என்று என்னிடம் பூரித்தார்.

பிறகு தோள் அளவு அப்படியே நிற்க, மார்பு மட்டும் இரண்டு அங்குலம் கூடியது. அத்தான் டேப்பைக் குப்பையில் எறிந்தார். “சுருங்கிப்போச்சு.” புது டேப்பும் அதையே சொன்னது. அது “மட்டமான சரக்கு” ஆயிற்று. பையனோ சட்டையில் இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட் கேட்டான். “ஸ்டைலப் பாரு இவனுக்கு!” என்று பெருமையோடு தைத்துக் கொடுத்தார். தானே எடுத்த அளவு அவர் மரமண்டையில் ஏறவில்லை.

போன வாரம் கழுத்து மறுபடி இழுக்க ஆரம்பித்தது. துவைக்கப் போட்ட சட்டையின் பாக்கெட்டில் அக்காவுக்கு ஏழு மாத்திரை கிடைத்தது.

“கழுத்து இழுத்தா இழுத்துட்டுப் போகுது,” என்றான் பையன். “கிளாஸ்ல பசங்க இங்க கிள்ளுறாங்க மாமா.” கை நெஞ்சை மூடியிருந்தது.

மறுநாள் அத்தானும் பையனும் நானும் டாக்டரிடம் போனோம். “இந்த மாத்திரை சில பிள்ளைங்களுக்கு ஒரு ஹார்மோனை ஏத்திவிடும். அதனால மார்பு வீங்கலாம். ரத்தம் பார்த்துட்டு மருந்தை மாத்தலாம். நீங்களா நிறுத்தாதீங்க,” என்றவர் பேனாவை எடுத்தார். “எவ்வளவு கூடியிருக்கு?”

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். வழக்கம்போல் கூவத் திறந்த வாயை அத்தான் மூடிக்கொண்டார். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, ஓர் எண்ணின் மேல் நகத்தை அழுத்தி, சத்தமில்லாமல் மேஜைமேல் டாக்டர் பக்கம் நகர்த்தினார்.