சிறு கட்டடங்களுக்கு விலக்கு உண்டு

நாட்டிலுள்ள கட்டடங்கள் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்காமலிருக்க விதித்தொகுப்பு ஒன்று எழுதினார்கள். டெல்லியில் கூடிய அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு வெயிலைப் பற்றி விவாதித்தோம். அத்தனை பக்கங்களில் என் பங்கு ஒரே வாக்கியம்: குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள கட்டடங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா. நாலு சுவர் எழுப்புகிற ஏழையை ஆபீஸ் ஆபீஸாக அலையவிடக் கூடாதென்று உருகிப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

அந்தப் பெருமையோடு ஊர் திரும்பியவன் அக்காவிடம் வாயை விட்டேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், பக்கவாதத்திலிருந்து தேறி வந்த சமயம். அவருக்கு உஷ்ணம் ஆகாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டை விட்டு, உறையூரில் ஒரு பழைய வீட்டை வாங்க இருந்தார்கள். தடுத்தவன் நான். புது வீடாக வாங்கு, சட்டமே வந்துவிட்டது, மாடியில் வெயில் தாங்கும் ஓடு பதிக்காமல், மேற்குச் சன்னலுக்கு மறைப்பு வைக்காமல் இனி எவனும் கட்ட முடியாது என்றேன். அக்கா நம்பினாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

புத்தூரில் புதிதாகக் கட்டியதை வாங்கினார்கள். கடைசி மாடி, மேற்குப் பார்த்த வீடு. முதல் சித்திரையிலேயே சுவரில் கை வைக்க முடியவில்லை. ஓடும் இல்லை, மறைப்பும் இல்லை. நானே ஒரு ஏசி வாங்கி மாட்டினேன். அந்த அறையில் அதற்கே வியர்த்தது.

கட்டியவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்று டீ சொன்னார். அது ஒரு கட்டடம் இல்லையாம், இரண்டு கட்டடமாம். நடுவில் பூனை நுழைந்தால் திரும்ப முடியாத இடைவெளி, இரண்டு கேட், இரண்டு அனுமதி. ஆகவே இரண்டுமே சிறு கட்டடம்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானங்க சார். எங்க பில்டர்ஸ் சங்கத்துல வந்து இந்த விதிக்கு வகுப்பு எடுத்தீங்களே, நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்" என்றார். குரலில் கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டாகப் பிரித்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அன்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டதும், நல்ல கேள்வி என்று நான் பாராட்டியதும் நினைவுக்கு வந்தன.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப உன் புஸ்தகத்துல எங்க வீடு இல்லியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது, என் வாக்கியத்தில்தான் இருந்தது.

விற்கலாமென்றால், பார்க்க வருகிறவர்களும் மதியத்தில்தான் வருகிறார்கள். எனவே தினமும் பதினோரு மணிக்கு மாமாவையும் டிபன் கேரியரையும் கூட்டிக்கொண்டு தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாள் அக்கா. வைத்தியத்துக்கு இல்லை, வெயில் தாழும்வரை அங்கே காத்திருப்புக் கூடத்தில் உட்கார. செக்யூரிட்டி கேட்டால், தெரிந்தவரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்கிறாள்.

போன வாரம் நானும் போய் உட்கார்ந்தேன். இரட்டைக் கண்ணாடி, அளவான மறைப்பு. பெரிய கட்டடம் அல்லவா, விதிகள் ஒன்று விடாமல் பொருந்தியிருந்தன. அக்கா எனக்கும் தயிர்சாதம் எடுத்து வைத்தாள். ஒலிபெருக்கி டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் மாமா தூக்கம் கலைந்து எழப் பார்த்தார்.

"நம்ம நம்பர் இல்லீங்க, தூங்குங்க" என்றாள் அக்கா.