கத்தினால் அலவ் அமுக்கு

சங்கமித்ராவின் கம்ப்யூட்டர் கத்தும் என்பது ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்துக்கே தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். குக்கர் விசிலைப் போல அதுவும் ஒரு சத்தம். அதன் வைரஸ் தடுப்பான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம், முன்பு கொடுத்த அனுமதியை மறந்துவிட்டு, அவளுடைய தமிழ் கீபோர்டு மென்பொருளைத் திருடன் என்று பிடித்துக்கொண்டு அலறும். திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் தோன்றும். அவள் அதைப் படிக்க மாட்டாள். அனுமதி கொடுக்கும் 'அலவ்' என்ற பொத்தானை அமுக்குவாள். கட்டம் போய்விடும். கண்ணீர் அஞ்சலி பேனரோ மஞ்சள் நீராட்டு அழைப்போ, அன்றைய வேலை தொடங்கும்.

அலறலில் நியாயம் இல்லாமல் இல்லை. விரல் தட்டும் கட்டைக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் நடுவே நின்று ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் அந்தக் கீபோர்டின் வேலை. அப்படி நடுவில் நிற்கும் எதையும் தடுப்பான் சந்தேகிக்கும். அவள் முன்பு வேலை பார்த்த சிவாஜிநகர் அச்சகத்தில் எல்லாரும் இதற்கு ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார்கள்: கத்தினால் அலவ் அமுக்கு. நம்பிக்கை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதி இந்த மாதிரிச் சலிப்புதான்.

அச்சகத்தை விட்டு வீட்டிலேயே தட்டச்சு செய்யத் தொடங்கியபின், பேனரோடு வேறொரு வேலையும் அவளைத் தேடி வந்தது. எழுதத் தெரியாத பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் மனுக்களைச் சொல்வார்கள். வெளியே ஒரு வார்த்தை போகாது என்ற பெயர் அவளுக்கு இருந்தது. அந்தப் பெயர்தான் அவளுடைய தொழில்.

அந்தப் பெயர் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்விட்டது.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் லட்சுமம்மா ஒப்பந்தக்காரரிடம் தெருக் கூட்டும் வேலை செய்பவள். மகள் ஷில்பாவும் அதே குழுவில் இருந்தாள். காலையில் செல்போனில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்ய வேண்டும். "மூஞ்சி சரியா விழல" என்று சொல்லி, குழுவை மேய்க்கும் மேஸ்திரி ஷில்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்புவான். திருப்பிய கை உடனே எடுபடாது. லட்சுமம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ராவிடம் வந்து புகார் மனு அடித்துக்கொண்டு போனாள். மறுநாள் அதை அவள் பையிலிருந்து எடுக்கும் முன்பே, எல்லார் எதிரிலும் மேஸ்திரி சிரித்தான்.

"'தகப்பன் வயதுள்ளவர் செய்யத் தகாத காரியம்.' நல்லா எழுதியிருக்கே லட்சுமம்மா. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

அது சங்கமித்ரா அமைத்த வாக்கியம். ஷில்பா துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதன்பின் வேலைக்குப் போகவில்லை. லட்சுமம்மா நேராக சங்கமித்ராவின் வாசலுக்கு வந்தாள்.

"ஒன் காதுல மட்டும்தான் சொன்னேன் மித்ரா. சுவருகூட கேக்கல."

"அக்கா, சத்தியமா நான்..."

"பிடு மா, பிடு. வுட்டுடு. இனிமே பேசாத."

அதன்பின் குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றுபோனது. மனு எழுத ஒருவரும் வரவில்லை. மேஸ்திரிக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்து, தூக்கத்தில் தானே உளறிவிட்டேனோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

இந்த நிலையில்தான் தடுப்பானின் புதுப் பதிப்பு வந்தது. இந்த முறை அது கத்தவே இல்லை. கேட்காமலே கீபோர்டைத் தூக்கிவிட்டது. தமிழ் அடித்தால் ஆங்கில எழுத்தாக வந்தது. ஒரு சாவு பேனர் பாதியில் நின்றது. பீன்யா பக்கம் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ரவிக்குமாரை வரச் சொன்னாள்.

"இன்னாக்கா இது, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் தூசி மொத்தமும் உள்ளதான் இருக்குது!"

"வாய மூடிக்கினு பாருடா. பொணம் வெயிட் பண்ணாது."

அவன் தடுப்பானைத் திறந்து, அது பிடித்து அடைத்து வைத்திருப்பவற்றைத் தேடினான்.

"ஜெயில்ல ரெண்டு பேரு இருக்காங்கக்கா. எவன வெளிய வுடறது?"

"ரெண்டையும் வுடு. ஒண்ணு கீபோர்டு. இன்னொண்ணு மாமா கொண்டாந்த புது ஃபான்ட்டு. ரெண்டும் தமிழ்தான்."

ரவி பொத்தானுக்கு மேல் கொண்டுபோன அம்பை நிறுத்தினான். சிவப்புக் கட்டத்தில் இருந்ததைப் படித்தான். மறுபடி படித்தான்.

"அக்கா, இதுல ஒரு ஃபான்ட்டும் இல்ல."

"பேரு போட்டிருக்குதே, தமிழ் ஃபான்ட்ஸ் நியூன்னு."

"பேருதான். இது ஸ்கிரீன போட்டோ புடிக்கிற சமாச்சாரம். நீ அடிக்க அடிக்க எடுக்கும். எடுத்து யாருக்கோ அனுப்பும். தடுப்பானே சொல்லுது பாரு. முன்னாடி ஒருவாட்டி கேட்டிருக்குது, யாரோ அலவ் குடுத்திருக்காங்க."

சங்கமித்ரா தன் விரலைப் பார்த்தாள்.

யாரோ இல்லை. அந்தக் காலை அப்படியே கண்முன் வந்து நின்றது. அவள் அடுப்பில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கணவன் சீனு பென் டிரைவைச் சொருகியதும் கம்ப்யூட்டர் கத்தியது. "மித்ரா, இது கத்துது. வந்து நீ எப்பவும் பண்றத பண்ணு" என்று கூப்பிட்டான். களி ஒட்டிய கை. ஒரு விரலை மட்டும் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அமுக்கினாள். அமுக்கிவிட்டு அடுப்புக்கு ஓடினாள், களி அடிப்பிடிக்காமல் இருக்க. அதற்கடுத்த ஞாயிறு லட்சுமம்மா வந்தாள்.

தான் காதையும் வாயையும் மூடிக்கொண்டு காப்பாற்றியதாக நினைத்த ஒவ்வொரு சொல்லும், தன் விரல் திறந்துவிட்ட வழியாகப் போயிருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை.

மதியம் சீனு வந்தான். மேஸ்திரி வேலை பார்க்கும் அதே ஒப்பந்தக்காரரின் குப்பை ஆட்டோ அவன் ஓட்டுவது. வெளிக்குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, துண்டோடு உள்ளே நுழைந்தான்.

"இன்னா மச்சான், எந்திரத்துக்கு உயிர் வந்துச்சா? இல்ல, அதுக்கும் பேனர் அடிக்கணுமா?"

ரவி சிரிக்கவில்லை. சங்கமித்ராதான் பேசினாள்.

"நீ கொண்டாந்த ஃபான்ட்டு, ஃபான்ட்டு இல்லியாம்."

'பின்ன இன்னா?' என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் அதைக் கேட்டிருந்தால் போதும். ஏமாந்துவிட்டான் என்று நம்ப அவள் தயாராக இருந்தாள். அவனுக்காக அந்தக் கேள்வியை மனத்துக்குள் அவளே கேட்டும் பார்த்துவிட்டாள்.

சீனு துண்டை மடித்தான். வாசல் பக்கம் பார்த்தான்.

"லட்சுமம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

ரவி திரையில் இல்லாத எதையோ உற்றுப் பார்த்தான். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனின் முகத்தை அவள் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"வண்டிய புடுங்கிடுவேன்னான் மேஸ்திரி. பொம்பளைங்க எவ எழுதினாலும் உன் பொண்டாட்டிகிட்டதான் வருவாளுங்க, இத மட்டும் சொருகுன்னான். நான் இன்னா செய்ய? நான் போயா சொன்னேன்? சொருகினேன், அவ்ளோதான். அலவ் அமுக்கினது நீ."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அடித்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு பெரிய பொய்யாக நிற்க முடியும் என்பதை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு லட்சுமம்மா வீட்டுக்குப் போனாள். அதைத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை. அந்த வீட்டுக்குள் அப்போது அவளால் நிற்க முடியவில்லை, போக வேறு இடமும் இல்லை. உள்ளே ஷில்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். லட்சுமம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நான் சொல்லலக்கா. ஆனா எங்க வூட்லேர்ந்துதான் போச்சு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு சொருகி வெச்சிருக்காங்க. அலவ் குடுத்தது நான்."

"சொருகினது யாரு?"

சங்கமித்ரா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவருதான்."

லட்சுமம்மாவின் கை கீரையிலேயே நின்றது. ஷில்பா எழுந்து உட்கார்ந்தாள்.

"சீனுவா? சின்னதுல என் பொண்ண மடியில வெச்சி வண்டி காட்டினானே, அந்த சீனுவா?" லட்சுமம்மாவின் குரல் கீழே இறங்கியது. "அது கத்துச்சில்ல? அந்த மிஷின் கத்துச்சில்ல? கத்தினப்போ ஏன்டி அத வாயடைச்ச?"

"எப்பவும் கத்தும்க்கா."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு அற்பம் என்று அவளுக்குத் தெரிந்தது. லட்சுமம்மா மகளைப் பார்த்தாள். ஷில்பா தலையை ஆட்டினாள். எதற்கு என்று சங்கமித்ராவுக்கு விளங்கவில்லை.

"நட மித்ரா," என்றாள் லட்சுமம்மா. "மறுபடியும் அடி. இந்த வாட்டி சொருகினவன் பேரையும் சேத்து. அடிப்பியா?"

மூன்று பேரும் சந்து வழியாக வந்தபோது சீனு வாசலில் நின்றான். லட்சுமம்மா அவனைத் தாண்டி உள்ளே போய், எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷில்பா அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். ரவி அந்த இன்னொன்றை அழித்திருந்தான். கீபோர்டை மட்டும் வெளியே விட்டிருந்தான். சங்கமித்ரா அதைத் திறந்ததும் கம்ப்யூட்டர் கத்தியது.

விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. அவள் அதை மடக்கிக்கொண்டாள். சிவப்புக் கட்டத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். புரியாத இடத்தில் ரவியைக் கேட்டாள். அதன்பின்தான் அலவ் கொடுத்தாள்.

மனு வளர்ந்தது. மேஸ்திரியின் பெயர் வந்தது. பிறகு அவள் நிறுத்தினாள். வாசலில் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சீனு அங்கேயேதான் நின்றான்.

"சீனுன்னு போடவா, முழுப் பேரு போடவா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"அப்பன் பேரோட போடு," என்றாள் லட்சுமம்மா.