பூச்சில் மாட்டிய ஏசி

இன்று காலை எங்கள் மாடி ஏசியின் வெளி யூனிட் கடகடவென்று ஆடியது. பெரம்பலூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர் சட்டென்று கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கீழ யாராச்சும் இருக்காங்களா?"

நேர் கீழே பக்கத்து வீட்டு ஜமீலா மாமி நாற்காலி போட்டு, சவூதியிலிருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன்.

"நாலு போல்ட் போடற எடத்துல ரெண்டுதான் போட்டிருக்காங்க. அதுவும் செங்கல்லுக்குள்ள போகல, வெறும் பூச்சுல நிக்குது. மொதல்ல அவங்கள அங்கேருந்து எழுப்புங்க."

படியில் இறங்கி ஓடினேன்.

"மாமி, உடனே உள்ள வாங்க."

"இரும்மா, புள்ள பேசிட்டிருக்கான்."

கையைப் பிடித்து இழுத்தேன். போன் தரையில் விழுந்தது. மாமி என்னைத் திட்ட வாயெடுத்தபோது, சிமெண்ட் பெயர்ந்து ஒரு போல்ட்டோடு நாற்காலியில் வந்து விழுந்தது.

"உம்மா, என்ன சத்தம்?" என்று மகன் தரையில் கிடந்த போனிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். மாமி என் கையை விடவில்லை.

மெக்கானிக் கயிறு கட்டி யூனிட்டை இறக்கிய பிறகு, ஏசி மாட்டிய கடைக்குப் போன் செய்தேன்.

"மெஷினுக்கு வாரண்டி இருக்குங்க மேடம். சுவத்துக்கு நாங்க பொறுப்பில்ல."

உங்கள் ஊர்க் கடைக்காரர் சுவருக்கும் பொறுப்பேற்கிறாரா? விசாரித்துச் சொல்லுங்கள்.