கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்

ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாற்பது வருடம் கணினியோடு பிழைத்தவன், எதற்கும் ஒரு லாக், அதாவது நடந்ததை வரிவரியாகக் குறிக்கும் பதிவு, இருக்கும், தேடினால் காரணம் கிடைக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. எழுபத்தொரு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஓய்வுக்குப் பிறகும் தில்லியில் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசி வேலை, ஒரு பழைய கிளஸ்டரை மூடுவது. மென்பொருளால் உருவாக்கிய பன்னிரண்டு கணினிகள் கூட்டாக இயங்கும், ஒன்று விழுந்தால் அதிலிருந்த வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அதுதான் கிளஸ்டர். மூடுவதற்கு முறை உண்டு. யாருடையது என்று தெரியாத எதையும் தொடக் கூடாது. மற்றதை அணைக்கலாம், ஆனால் ஒரு மாதம் அழிக்கக் கூடாது. நாம் அறியாமல் யாராவது அதை நம்பியிருந்தால் அதற்குள் கத்துவார்கள், திரும்ப ஏற்றிவிடலாம்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா. அதற்குள் பலகையில் ‘முடிந்தது’ என்று என் கையால் எழுதிவிட ஆசை, வேறு காரணமே இல்லை. வியாழன் காலை பதினொன்றும் போயாயிற்று, கடைசிக் கணினியில் ஒரே ஒரு சின்ன நிரல், உரிமையாளர் பெயர் காலி.

“சார், இது யாரோடதுன்னு மெயில் போட்டுக் கேக்கலாம். அட்லீஸ்ட் அணைச்சு மட்டும் வைங்க, ஜல்தி என்ன?” என்றாள் கீதா. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த பெண், கெட்டிக்காரி.

“கத்துறதுக்கு யாரும்மா இருக்கா?” என்று சிரித்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கணினியை அழித்தேன், வட்டையும் அழித்தேன். பிரதிகூட எடுக்கவில்லை.

நம்பினால் நம்புங்கள், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நான் திரையில் மூட மறந்திருந்த அந்தக் கணினியின் லாக் ஜன்னலில் ஒரு புது வரி விழுந்தது. சரோஜா, கரோல் பாக், ஒரு தொலைபேசி எண், பதில் இல்லை. இல்லாத கணினியிலிருந்து வரி வராது, வர வழியே கிடையாது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, இரண்டாம் முறை, பதில் இல்லை.

“சார், திருப்பி ஆன் பண்ணிடலாமா?” கீதாவின் குரல் இறங்கிவிட்டது.

“எதம்மா ஆன் பண்றது? ஒண்ணும் இல்லையே.”

“நம்பர் இருக்கே. ஒரு கால் பண்ணிப் பாக்கறேன்.”

“பழைய டெஸ்ட் டேட்டாவா இருக்கும். விடு.”

மூன்றாவது வரி விழுந்ததும் நான் ஜன்னலை மூடினேன். என் கையால்தான் மூடினேன்.

ஞாயிறன்று மலை மந்திர் முருகன் கோயிலில் பழைய சிநேகிதர் ராமநாதனைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. “சரோஜா மாமி போயிட்டாங்க சார், கரோல் பாக்ல தனியா இருந்தாங்களே. வியாழக்கிழமை காலைல குளியலறைல விழுந்திருக்காங்க, நேத்துதான் கதவை உடைச்சாங்க. தனியா இருக்கிறவங்களுக்கு தினம் பன்னெண்டு மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் போன் பண்ணும் சார், உங்க ஆபீஸ்ல முன்னாடி வேலை பார்த்த நம்ம கோயில் பசங்க எப்பவோ செஞ்சு வச்சது, அங்கேயேதான் சும்மா ஓடிட்டிருந்துச்சு. மூணு தடவை எடுக்கலைன்னா பக்கத்து வீட்டுக்குச் சொல்லும். மூணு தடவை மணி அடிச்சுதாம், பக்கத்து வீட்டம்மா கேட்டிருக்காங்க. ஆனா அவங்களுக்கு போன் வரலை.”

“மாமி கத்தலையா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

“கத்தியிருக்காங்க. பக்கத்து வீட்டம்மா டிவின்னு நினைச்சுட்டாங்களாம். வியாழன் ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார்.”

நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான்.

அடுத்த நாளிலிருந்து என் கைபேசிக்குப் பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வருகிறது. பதிவு செய்த ஒரு இளம்பெண்ணின் குரல், “வணக்கம், நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்.” அந்த நிரல் இப்போது எங்கும் இல்லை, என் எண்ணை நான் எதிலும் கொடுக்கவுமில்லை. கீதா எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். நான் தினமும் ஒன்றை அழுத்துகிறேன். வேறு என்ன செய்ய?

போன செவ்வாய்க்கிழமை என்ன நினைத்தேனோ, எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து நின்றது. நாலு நிமிடத்தில் கதவு தடதடவென்று அதிர்ந்தது. எதிர் வீட்டுப் பஞ்சாபிப் பெண், மாவு அப்பிய கையோடு நிற்கிறாள். “அங்கிள்ஜி, ஆப் டீக் ஹைன் நா?” நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்கிறாள்.

யார் சொன்னது என்று இந்தியில் கேட்டேன். போன் வந்ததாம். பதிவு செய்த குரல் இல்லையாம், இளம்பெண்ணும் இல்லையாம், யாரோ வயதான அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே, தட்டுத்தடுமாறிய இந்தியில் பேசினாராம். எதிர் வீட்டில் ஒருவர் விழுந்து கிடக்கலாம், உடனே போய்ப் பார், சத்தம் கேட்டால் டிவி என்று நினைத்துவிடாதே.

என் வீட்டில் டிவி கிடையாது.